பேடு நகரக் கூடாது: சைக்கிள் ஷார்ட்ஸ் நாட்குறிப்பு

2025 மார்ச் 3

சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான்: உள்ளே தைத்திருக்கும் பேடைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது. மெத்தென்று இருந்தால் திருப்தி. பிறகு வரும் தொல்லைகளில் பாதி இந்தத் திருப்தியில்தான் தொடங்குகிறது.

பேடு தலையணை இல்லை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் தொடை 5,400 தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று எதன் மீதாவது தேய்ந்தாக வேண்டும். பேடு தோலோடு ஒட்டி நின்றால் தேய்மானம் துணிக்கும் சீட்டுக்கும் நடுவே நடக்கும். பேடு நகர்ந்தால் அதே தேய்மானம் தோலுக்கு வந்துவிடும். அதிர்ச்சி தாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

உள்ளே ஜட்டி போடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போடக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். ஜட்டியின் கால் எலாஸ்டிக் தையலோ சரியாகத் தொடை இடுக்கில், சீட் அழுத்தும் இடத்தில் வந்து உட்காரும். தையலே இல்லாமல் செய்த பேடை வாங்கிவிட்டு, அதற்கும் தோலுக்கும் நடுவே நாமே ஒரு தையலைக் கொண்டுபோய் வைப்பதில் என்ன பயன்?

மார்ச் 4

நேற்றையதன் தொடர்ச்சி. உடம்போடு ஒட்டிய லைக்ராவில் வெளியே போகக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தொளதொள ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம். தடையில்லை. ஆனால் அதன் இரு கால்களும் சேரும் இடத்தில் தடித்த தையல் இருக்கக் கூடாது. கவட்டை தாழ்ந்தும் தொங்கக் கூடாது. எழுந்து நின்று மிதித்துவிட்டு மறுபடி உட்காரும்போது சீட்டின் மூக்கில் துணி மாட்டிக்கொள்ளும். திருப்பத்தில் அப்படி மாட்டினால் விழ வேண்டியதுதான்.

மார்ச் 6

உட்காரும் எலும்புகளின் இடைவெளியை அளக்காமல் சீட்டும் வாங்க வேண்டாம், ஷார்ட்ஸும் வாங்க வேண்டாம். இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. சைக்கிளில் உடல் எடையைத் தாங்க வேண்டியவை அவை. நடுவில் இருக்கும் மென்மையான சதைப்பகுதி அல்ல.

அளக்க, அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டை ஒன்று போதும். 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில் வெட்டி மரப்படியிலோ கட்டையான ஸ்டூலிலோ வையுங்கள். மெத்தை வைத்த நாற்காலி உதவாது. மெல்லிய துணியோடு அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி குதிகாலைத் தூக்குங்கள். சற்றுக் குனிந்து, ஸ்டூலின் விளிம்பை இரு கையாலும் பிடித்து உடலைக் கீழ்நோக்கி இழுங்கள். அரை நிமிடம். அசையாமல் எழுந்திருங்கள்; அசைந்தால் பள்ளம் அகலமாகிவிடும்.

அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். தெரியவில்லையென்றால் பென்சிலைப் படுக்கவைத்து மேலாகத் தேயுங்கள். மேடு கறுக்கும், குழி வெளுத்தே நிற்கும். குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளப்பதுதான் வழக்கமான தவறு. பெரும்பாலானவர்களுக்கு 100 முதல் 150 மி.மீ.க்குள் வரும். மூன்று தடவை செய்து, ஒன்றுக்கொன்று 5 மி.மீ.க்கு மேல் மாறினால் மறுபடி உட்காருங்கள்.

இந்த எண்ணோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் தோராயமாகக் கிடைக்கும்; நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஷார்ட்ஸுக்குக் கூட்டல் எதுவும் வேண்டாம். பேடை உள்ளிருந்து விரலால் தடவினால் கெட்டியான இரண்டு மேடுகள் தட்டுப்படும். அவற்றின் நடுவிடைவெளி உங்கள் எண்ணோடு பொருந்துகிறதா என்று டேப்பை வைத்துப் பார்த்தால் ஆயிற்று.

மார்ச் 7

ஆள் எவ்வளவு குனிகிறார் என்பதும் கணக்கில் வரும். நேராக உட்கார்ந்தால் எடை பின்பக்கம் விழும். பின்பகுதி அகலமான பேடு வேண்டும். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் இடுப்பு முன்னால் உருளும், எடையும் முன்னேறும். அப்போது முன்பகுதி நீளமான பேடுதான் தாங்கும். குனிந்து ஓட்டும் ரோடு சைக்கிளுக்காக வாங்கியதை நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளில் போட்டுக்கொண்டு, ‘இது சரியில்லை’ என்றால் குற்றம் ஷார்ட்ஸின் மேல் இல்லை.

பெண்களுக்கான பேடு பின்னால் அகன்று, முன்னால் குட்டையாக இருக்கும். நடுவில் தையல் ஓடாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். இருபாலருக்கும் பொது என்று விற்பது பெரும்பாலும் இருவருக்குமே பொருந்தாது.

மார்ச் 10

தடிமன். கடையில் 20 மி.மீ. தடிமனில் பஞ்சு போன்ற பேடு ஒன்று இருக்கும், பக்கத்திலேயே 10 மி.மீ.யில் கெட்டியான ஒன்று இருக்கும். கை முதலாவதற்குத்தான் போகும். ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டி மேட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பலமாக அமுக்குங்கள். எதிர் விரல் துல்லியமாகத் தெரிந்தால், அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு அந்த ஃபோம் இருந்தும் இல்லாததற்குச் சமம். அமுங்கிய பஞ்சு பக்கவாட்டில் பிதுங்கி, நடுவில் இருக்கும் மென்மையான சதையையும் சேர்த்து அழுத்தும்.

பார்க்க வேண்டியது அடர்த்தி. கனமீட்டருக்கு 60 முதல் 80 கிலோ ஃபோம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் போதும். மூன்று நான்கு மணி நேரம் உட்காருபவருக்கு 100, 120 வேண்டும். இந்த எண்ணை எழுதாமல் ‘ஜெல் பேடு’ என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஜெல் கனமானது, காற்றும் புகாது.

மார்ச் 11

அளவு. நின்றுகொண்டு பார்க்காதீர்கள். நிமிர்ந்து நிற்கையில் நல்ல பிப் ஷார்ட்ஸின் (இடுப்பு எலாஸ்டிக்குக்குப் பதில் தோள்பட்டியில் தொங்கும் வகை) தோள்பட்டி இழுக்கும், முன்பக்கம் சுருங்கும். அதைக் கண்டு ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் சைக்கிளில் பேடு தொங்கும். ஹேண்டில் பிடிக்கும் கோணத்தில் குனிந்து, ஒரு முழங்காலைத் தூக்கிப் பாருங்கள். அந்த நிலையில் இழுப்பு மறைய வேண்டும், தொடையில் மடிப்பே இருக்கக் கூடாது. பேடுக்கும் தோலுக்கும் நடுவே காற்றுக்கூட நிற்கக் கூடாது.

சிறிதாக எடுத்துவிட்டதற்கு அடையாளம்: குனியும்போது பின்பக்கத் துணி வெளுத்து உள்ளே தோல் தெரியும். தொடை முடிவில் இருக்கும் சிலிகோன் பட்டை, கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் ஆழமான சிவப்புக் கோட்டை விட்டுப்போனால் அதுவும் சிறிதுதான். கோடு வெளிறியதாக இருந்து சீக்கிரம் மறைந்தால் சரியான அளவு.

மார்ச் 14

பழைய பேடு ஒன்றைக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். மேலே தோலைத் தொடும் மெல்லிய பின்னல் துணி. அதன் கீழே முழு அகலத்துக்கும் 3 மி.மீ. மென் ஃபோம். அதற்கும் கீழே, எலும்பு படும் இடத்தில் மட்டும் வேறு நிறத்தில் கெட்டி ஃபோம். நடுவில் ஒரு வாய்க்கால். வெட்டிய இந்தத் துண்டில் வலது மேடு 9 மி.மீ., இடது மேடு 6. அணிந்தவர் இடப்பக்கம் சாய்ந்தே ஓட்டியிருக்கிறார். சீட் அதிக உயரமாக இருந்தால் காலை எட்டவைக்க இடுப்பு ஆடும், ஒரு பக்கம் மட்டும் தேயும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் புண் வருகிறவர்கள் ஷார்ட்ஸை மாற்றும் முன் சீட்டை 3, 4 மி.மீ. இறக்கிப் பார்ப்பது மலிவான வைத்தியம்.

இதே பேடு ஒரு காலத்தில் நிஜத் தோலாக இருந்தது. ஷாமி என்பது ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆட்டினத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. அதன் தோலைத்தான் தைத்தார்கள். துவைத்துக் காய்ந்தால் விறைத்துப்போகும். அதை மிருதுவாக்கவே, இன்று பேடிலும் தோலிலும் பூசும் க்ரீம் வந்தது. லைக்ரா இழையை டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கினார். அதற்கு முன் கம்பளி ஷார்ட்ஸ், நனைந்தால் தொங்கும். இன்று தோல் போய்விட்டது, ஷாமி என்ற பெயர் மட்டும் பேடுக்கும் க்ரீமுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 15

பிப்பா, இடுப்பு எலாஸ்டிக்கா? பிப். தோளிலிருந்து தொங்குவதால் பேடு கீழே இறங்காது, குனியும்போது எலாஸ்டிக் வயிற்றை வெட்டாது. சிறுநீர் கழிக்கச் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது உண்மையான இடைஞ்சல்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. பின்பக்கம் கொக்கி வைத்து அவிழ்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. கொக்கி முதுகெலும்பின் மேல் படாததாகத் தேர்ந்தெடுங்கள்.

மார்ச் 18

போடும் முறை. உடல் உலர்ந்திருக்க வேண்டும். குளித்த ஈரத்தில் இழுத்தால் தையல்தான் விட்டுக்கொடுக்கும். கால்களை நுழைத்ததும் இடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் கால் முனைகளைத் தொடையில் உரிய இடத்தில் நிறுத்துங்கள். பிறகு துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக, நகம் படாமல் உள்ளங்கையால் மேலே தடவி ஏற்றுங்கள். கவட்டையில் பேடு முழுதாக ஒட்டியபின் இடுப்பு, கடைசியில் தோள்பட்டி. இடுப்பை முதலில் இழுத்தவருக்குப் பேடு ஒரு விரல் அளவு கீழே நிற்கும். மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும்.

க்ரீம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்குத் தேவையில்லை. நீண்ட ஓட்டத்துக்கு ஒரு தேக்கரண்டி: பாதியைத் தொடை இடுக்கிலும் எலும்பு படும் இடத்திலும், மீதியைப் பேடின் அதே இடங்களில். பெட்ரோலியம் ஜெல்லி வழுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் துவைத்தாலும் லேசில் போகாது, துணியின் கண்களை அடைத்து வியர்வையை உள்ளே பூட்டிவிடும். மெந்தால் கலந்த க்ரீமை முதல்முறை எவ்வளவு பூசுவது என்பதில் தாராளம் வேண்டாம். ஏன் என்று பத்தாவது நிமிடம் தெரியும்.

மார்ச் 19

மரத்துப்போவதும் புண்ணும் வேறு வேறு. முன்பகுதி மரத்துப்போனால் அங்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்துகின்றன என்று அர்த்தம். தடித்த பேடு அதைத் தீர்க்காது, சில சமயம் கூட்டும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். சமமட்டம், அல்லது முன்னால் 1, 2 டிகிரி இறக்கம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள். இத்தனைக்குப் பிறகும் மரத்துப்போனால் சீட்டை மாற்றுங்கள். இறங்கிய பின்னும் உணர்வு திரும்பாமல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

மார்ச் 23

ஓட்டம் முடிந்ததும் அதே ஷார்ட்ஸில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதுதான் புண்ணுக்குப் பெரிய காரணம். ஈரம், சூடு, கிருமி மூன்றும் ஒரே இடத்தில். இறங்கியவுடன் கழற்றுங்கள், கழுவுங்கள், துடைத்து உலரவிடுங்கள்.

வெறும் சிவப்பு எரிச்சல் என்றால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். முடிக்கால்களில் சிறு கொப்புளங்கள் என்றால் சவரம் செய்வதை நிறுத்துங்கள். உள்நோக்கி வளரும் முடிதான் அங்கே தொடக்கம், நீளத்தைக் கத்தரித்தால் போதும். ஆழத்தில் வலிக்கும் கட்டியை அமுக்கிப் பிதுக்க வேண்டாம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 24

துவைப்பு: உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் அல்லது 30 டிகிரிக்குள், மிதமான சோப்பு. மெஷினில் போட்டால் வலைப் பைக்குள். கையுறையின் வெல்க்ரோ ஒன்று கூட இருந்தாலும் லைக்ராவைப் பிய்த்து வைக்கும். நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள், பேடில் தங்கிய சோப்பும் தோலை அரிக்கும். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்: இழைமேல் படலமாகப் படிந்து வியர்வையை வெளியேற்றும் திறனைக் கொன்றுவிடும். முறுக்கிப் பிழிந்தால் ஃபோமின் ஒட்டு விடும். துண்டில் சுருட்டி அமுக்கி, பேடு வெளியே இருக்கும்படி நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலும் டிரையரும் லைக்ராவின் இழுவையைத் தின்றுவிடும்.

ஃபோம் முழுதாகக் காய ஒரு நாள் ஆகலாம். தினமும் ஓட்டுபவருக்கு அதனாலேயே குறைந்தது மூன்று ஷார்ட்ஸ் வேண்டும். பல நாள் பயணத்தில் மூன்றும் ஒரே மாடலாக இருப்பதைவிட ஒன்றாவது வேறு பேடாக இருப்பது நல்லது. தையலும் மேடும் இடம் மாறுவதால் நேற்று தேய்ந்த இடத்துக்கு இன்று ஓய்வு.

மார்ச் 29

தூக்கிப்போடும் நாள் எப்போது? பின்பக்கத் துணியை இரு கையால் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல்களின் நிழல் தெரிந்தால் பின்னால் ஓட்டி வருபவர் நலன் கருதியாவது போதும். கெட்டி மேட்டைக் கட்டைவிரலால் அமுக்கி விடுங்கள். பள்ளம் உடனே நிரம்பாமல் தயங்கினால் ஃபோம் முடிந்தது. தோள்பட்டி மட்டும் தளர்ந்து, பேடு நன்றாகவே இருந்தால்? குனிந்தபோது பேடு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அதுவும் முடிந்ததுதான்.