பங்காளிகள் ஊரில் ஒரு பகல்

தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர்களைச் சுற்றிவிட்டு, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி வந்து இறங்கியபோது பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. சென்னை ரயில் இரவில்தான். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. அதற்கு முன் காரைக்குடி எனக்கு ரயில் ஜன்னலில் தெரியும் ஒரு மஞ்சள் பலகை மட்டுமே. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் பகலுக்கு மட்டும் அறை கேட்டேன். “கூட யாரும் வரலையாம்மா?” என்றார் மேஜைக்காரர். இல்லை என்றேன். ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். தனியாகப் போகும் பெண்களுக்கு இந்தக் கேள்வி பழகிய ஒன்று. அதில் கோபப்பட்டால் பாதிப் பயணம் கோபத்திலேயே போய்விடும்.

பையை வைத்துவிட்டு, குளித்து, நகரப் பேருந்தில் கானாடுகாத்தான் கிளம்பினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து. வழியெல்லாம் செம்மண், முள்வேலிக் காடு, நடுநடுவே படிக்கட்டு வைத்த ஊருணிகள். வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமி இது. மழைத் தண்ணீரைத் தேக்கித்தான் இந்த ஊர்கள் குடித்து வளர்ந்தன. இப்படிப்பட்ட மண்ணில் அரண்மனை போன்ற வீடுகளை எதற்காக, யார் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு நாள் முழுக்க ஓடிய கேள்வி.

கானாடுகாத்தானில் இறங்கியதும் முதலில் தெரிவது தெருக்களின் நேர்க்கோடு. நூல் பிடித்ததுபோல் ஓடும் தெருக்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் நின்றால் கட்டுக்குப்பின் கட்டாகப் பின்வாசல் வரை பார்வை போகிறது. கதவு திறந்திருந்தால்! பெரும்பாலானவற்றில் பூட்டு. மாடியில் சுதையில் செய்த லட்சுமி, யானைகள், அவற்றுக்கு நடுவில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இந்தச் சேர்க்கையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் வரவு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் சிற்பங்கள் அவை.

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியவர் இவரேதான். வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியர் “உள்ளே விடமாட்டேங்கிறாங்க” என்று அலுத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அரண்மனையைவிடப் பக்கத்துத் தெரு வீடுகள்தான் பிடித்திருந்தன.

அப்படி ஒரு தெருவில், திண்ணையைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர். “எங்கிருந்து வாரீக, ஆத்தா?” என்றார். சொன்னேன். “ஒத்தையாவா?” என்று இவரும் கேட்டார். ஆனால் லாட்ஜ்காரர்போல் சந்தேகமாக அல்ல, கவலையோடு. தண்ணீர் கொடுத்தார். அப்புறம் “வளவு வரைக்கும் பாருங்க, அதுக்கு மேலே அறையெல்லாம் பூட்டு” என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் சட்டென்று வெயில் குறைந்தது. பர்மா தேக்கில் இழைத்த தூண்கள், கை வைத்தால் வழுக்கும் சுவர். சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர் அது. நூறு வருடம் ஆகியும் கண்ணாடிபோல் இருக்கிறது. நடுவில் திறந்த முற்றம், அதுதான் வளவு. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். அண்டாவில் பிடித்தது போக மீதி கால்வாய் வழியே வெளியே போகும். முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். எல்லாக் கதவிலும் தனித்தனிப் பூட்டு.

அந்த அறைகளைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் சாரம். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் ஓர் அறை. அதில் மருமகள் கொண்டுவந்த சீர் சாமான்கள். கல்யாணமான தம்பதி ஒரு ‘புள்ளி’. ஒரே கூரைக்குள் இருந்தாலும் சமையலும் கணக்கும் தனித்தனி. வளவு, முகப்பு, பட்டாலை என்கிற கூடம் எல்லாம் பொது. மகன்களுக்கு மகன்கள், அவர்களுக்கு மகன்கள் என்று பங்கு பிரிந்துகொண்டே போகும். “இந்த வீட்டுக்கு இன்னைக்கு எத்தனை பங்கு?” என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டார். “ஒருத்தர் அமெரிக்காவுல, மூணு பேர் மெட்ராசுல, ஒருத்தர் போன வருசம் தவறிட்டாக, அவுக பிள்ளைகளை நான் பார்த்ததே இல்ல” என்றார்.

ஓடு ஒழுகுகிறது என்று போன் போட்டால் எல்லோரும் “செய்யுங்க” என்பார்களாம். பணம் யார் என்றால் போன் நின்றுவிடுமாம். விற்கவும் முடியாது, எல்லோர் கையெழுத்தும் வேண்டும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் மட்டும் வீடு நிறைந்துவிடும். எங்கெங்கிருந்தோ வருவார்கள், வளவில் பந்தி நடக்கும், மூன்றாம் நாள் மறுபடி பூட்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எழுதுகிறார்கள். இந்த வீடுகளைத் தாங்கி நிற்பது தேக்கு அல்ல, இந்தப் பங்குக் கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. ஒருவருக்கே சொந்தமாக இருந்திருந்தால் பாதி வீடுகள் எப்போதோ மனையாகியிருக்கும்.

பணம் வந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன். கீழ் பர்மாவில் காட்டைத் திருத்தி நெல் போட்ட விவசாயிக்கு முதல் கொடுத்தவர்கள் நகரத்தார் எனப்படும் இந்த ஊர்ச் செட்டியார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் அங்கே முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. வட்டிக்குக் கொடுத்தவருக்கு நிலம் வேண்டியதில்லை, நிலத்தை இழந்தவருக்கோ ஆத்திரம். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் பெற்றபின் நிலங்கள் தேசியமயமாயின. பெரிய வீடுகளில் பல அதற்கு முந்தைய நல்ல காலத்தில் எழுந்தவை.

கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போனார்கள். பெண்கள் இங்கேயே இருந்தார்கள். இந்த வளவுகளில் உண்மையில் வாழ்ந்தவர்கள் ஆச்சிமார்கள்தான். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு, பேரேடு பார்த்து, வற்றல் காயவைத்து, அடுத்த கப்பல் கடிதம் வரும்வரை. வளவின் ஓரம் இருந்த அம்மியைப் பார்த்தபோது, தனியாகப் பயணம் போவதற்கு என்னிடம் விளக்கம் கேட்கிற ஊரில், தனியாக வீட்டில் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

அங்கிருந்து ஆத்தங்குடிக்கு ஆட்டோ. “போக வர பேசிக்கலாம்க்கா” என்ற தம்பி சொன்ன தொகையில் கால்வாசியைக் குறைத்தேன். அதற்கும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதால், இன்னும் குறைத்திருக்கலாம்.

ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த வீடு. விதானம் முழுக்கப் பூவேலை. கூட்டம் இருந்தது, கழுத்து வலித்தது, சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். அசல் சுவாரசியம் அந்த ஊர் ஓட்டுப் பட்டறைகளில். தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் நின்று பார்க்கலாம்.

ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சதுரச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகர அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஒரு நிறச் சாந்து. அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலக்கவில்லை. அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டி எடுத்துவைக்கிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியை எடுக்கும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. வேலை செய்தவரிடம், வீட்டில் போட்டால் மங்கிவிடாதா என்று கேட்டேன். “நடக்க நடக்க மெருகு ஏறும்மா. பூட்டி வச்சாத்தான் கெட்டுப்போகும்” என்றார். பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்.

மதியம் காரைக்குடிக்குத் திரும்பி ஒரு மெஸ்ஸில் வாழை இலை போட்டார்கள். செட்டிநாடு என்றாலே நாக்கைச் சுடும் காரம் என்று சென்னை உணவகங்கள் நம்மை ஏமாற்றிவைத்திருக்கின்றன. இங்கே கோழி வறுவலில் முன்னால் வந்தது வாசனை. சோம்பு, மிளகு, அன்னாசிப்பூ, அடியில் மண்வாசனையாகக் கல்பாசி. காரம் கடைசியில்தான் வந்து எட்டிப்பார்த்தது. ஆனால் என் ஓட்டு வெண்டைக்காய் மண்டிக்கே. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுச் சுண்டவைத்தது. கப்பல் கப்பலாகச் சம்பாதித்தவர்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரையும் கொட்டவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பரிமாறிய அக்கா, “வெளியூர்க்காரவுக யாரும் இதைக் கேக்கமாட்டாக” என்று கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றினார்.

பிறகு முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகளின் தெரு அது. இடித்த வீடுகளின் பாகங்கள் இங்கே வந்து சேர்கின்றன. கதவுகள், தூண்கள், ஜன்னல் கம்பிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், யார் வீட்டுத் தாத்தாவோ முறைத்துப் பார்க்கும் புகைப்படங்கள். பித்தளைப் பாத்திரங்களின் கழுத்தில் வீட்டு விலாசம் எனப்படும் குடும்ப முதலெழுத்துகள் வெட்டியிருக்கின்றன. காலையில் பூட்டிய அறைகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, அவற்றில் ஒன்றைத் திறந்து கொட்டியதுபோல் இருந்தது.

ஒரு கடைக்காரர் நிறையப் பேசினார். வீடு எப்போது இடிபடும் என்று கேட்டேன். “எல்லாரும் ஒத்துப்போற அன்னைக்கு” என்றார். பழுது பார்க்க ஒரு குரலாக நிற்காத பங்காளிகள், பிரித்து விற்பதற்கு ஒத்துப்போய்விடுகிறார்களாம். மரத்தைப் பங்கு போடலாம், வளவைப் பங்கு போட முடியாது. காலையில் பங்குக் கணக்கு வீட்டைத் தாங்குகிறது என்று நினைத்தேனே, அதே கணக்குத்தான் அதை இறக்கியும் வைக்கிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. பட்டியலுக்கு ஒழுகும் ஓடு தெரியாது. சில வீடுகள் விடுதிகளாகி ஆள் நடமாட்டத்தோடு பிழைத்திருக்கின்றன. அறை வாடகை நமக்கு எட்டாவிட்டாலும் அது நல்லதுதான் என்பேன். நான் ஒரு சின்ன எனாமல் கிண்ணம் மட்டும் வாங்கினேன், எழுத்து வெட்டாததாகப் பார்த்து.

மாலையில் மிச்ச நேரத்தில் அழகப்பா வளாகம் பக்கம் ஒரு சுற்று. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊருக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். பங்கு பிரிக்காமல் மொத்தமாகக் கொடுத்த சொத்து என்பதால் அது இன்றைக்கும் திறந்திருக்கிறது, ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் போய்வருகிறார்கள். ஏவிஎம் ஸ்டுடியோவும் வடபழனிக்குப் போகுமுன் இந்த ஊரில்தான் இயங்கியது. கம்பன் மணிமண்டபமும் தமிழ்த்தாய் கோயிலும் பார்க்கவேண்டும் என்றிருந்தேன், பணியாரக் கடை குறுக்கே வந்துவிட்டது. வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. தமிழ்த்தாய் மன்னிப்பாள்.

ரயிலுக்குத் தேன்குழலும் மனகோலமும் வாங்கிக்கொண்டு ஏறினேன். எதிர் இருக்கையில் ஓர் ஆச்சி, பேரனோடு. ஊரில் படைப்புக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்களாம். என் கீழ்ப் படுக்கையைக் கேட்டார், கொடுத்தேன். பேரனிடம் என்னைக் காட்டி, “பாருடா, அந்த அக்கா ஒத்தையில ஊரெல்லாம் சுத்திட்டு வாராக” என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. உடனே அவருக்குப் போன் வந்தது. “ஓடு மாத்த ஆளுக்கு அம்பதாயிரம்னு பேசியாச்சு. பெரியவன் சரின்னுட்டான். சிங்கப்பூர்க்காரன்தான் இன்னும் வாயத் திறக்கல… அவனுக்கு நீயே சொல்லு, நான் சொன்னா எடுக்கமாட்டேங்கிறான்… அலோ? அலோ?”

புதுக்கோட்டை வரும் முன்னே சிக்னல் போய்விட்டது. சிங்கப்பூர்க்காரர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்போல் இருந்தது. ஆச்சியோ போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் மனகோலத்தில் இனிப்புக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.