ஆர்மீனியாவில் ஒரு ஜூலை

ஜூலை 19, சனி

வந்து சேர்ந்தோம். ஷார்ஜாவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். இங்கத்திய சிம் போட்டாகிவிட்டது. பழைய எண்ணுக்கும் அழைப்பு வருகிறதா என்று அவரை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

"எல்லோரும் ஜார்ஜியாவுக்குத்தானே போகிறார்கள், நீங்கள் ஏன் ஆர்மீனியா?" என்றார் மூன்றாம் மாடி அக்கா. அதற்காகத்தான் அக்கா. அங்கே தெருவுக்கு ஒரு தெரிந்த முகம் எதிரே வந்து நலம் விசாரிக்கும்.

எரெவான் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆனால் வியர்வை ஒட்டுவதில்லை. கட்டடங்கள் எல்லாம் இளஞ்சிவப்பு எரிமலைக் கல். தெருமுனைகளில் இடுப்பளவு கல்தூணில் குடிநீர் சுரந்துகொண்டே இருக்கிறது, குழாயை மூடுவார் இல்லை. குனிந்து வாயை வைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள். மகனுக்கு இனி பாட்டில் தண்ணீர் இறங்காது.

இரவு உணவு கொண்டுவந்த பையன் கேரளத்துக்காரன். கதவைத் திறந்ததும் "சுகம்தானே சேச்சி?" என்றான். இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தேன்.

ஜூலை 21, திங்கள்

கோர் விராப். அராரத் மலை இங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக எல்லாப் படங்களும் காட்டுகின்றன. ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் மலை, காணோம். கோடை வெக்கையும் புழுதியும் விழுங்கிவிடுமாம். மடத்துக்குக் கீழே திராட்சைத் தோட்டம், அப்பால் எல்லை, அப்பால் துருக்கி. 1993இல் மூடிய எல்லை. தங்கள் அரசுச் சின்னத்திலேயே வைத்திருக்கும் மலைக்கு இவர்கள் ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

கிரிகோர் என்பவரை அரசன் திரிதாத் 13 ஆண்டுகள் குழிக்குள் போட்டுவைத்த இடம் இது என்கிறார்கள். இரும்பு ஏணி செங்குத்தாக இறங்குகிறது. அவர் வேண்டாமென்றார், அதனாலேயே இறங்கினேன். உள்ளே புழுக்கம், மூச்சு முட்டுகிறது. ஒரு விதவை ரொட்டி போட்டுக் கிரிகோரை உயிரோடு வைத்திருந்தாளாம். பிறகு அரசனுக்கே நோய் கண்டது. கிரிகோரை மேலே தூக்கினார்கள், அவர் குணப்படுத்தினார், 301இல் நாடே கிறித்தவத்தை ஏற்றது என்பது இவர்கள் மரபு. எனக்கு யோசனையெல்லாம் முதல் வருடத்தைப் பற்றித்தான். பதின்மூன்று என்று யாராவது சொல்லியிருந்தால் சுவரில் கோடு போட்டுக் கழித்திருக்கலாம். கணக்கே தெரியாதவர் காலையில் எழுந்ததும் என்ன செய்திருப்பார்?

வாசலில் புறா விற்கிறார்கள், வேண்டிக்கொண்டு பறக்கவிடுவதற்கு. அது நேரே கூட்டுக்குத்தான் போகும், நாளைக்கும் விற்பார்கள் என்று சிரித்தார் ஓட்டுநர். மகன் ஒன்று வாங்கிப் பறக்கவிட்டான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மின்னஞ்சல் இல்லை. அராரத்தும் இல்லை.

ஜூலை 23, புதன்

கார்னி கோயில். கிறித்தவத்துக்கு முந்தைய, கிரேக்க பாணித் தூண்கள். 1679 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்ததைச் சோவியத் காலத்தில், 1975 வாக்கில், பொறுக்கி அடுக்கி நிமிர்த்திவிட்டார்கள். காணாமற்போன இடங்களில் செருகிய புதுக் கற்களில் சிற்ப வேலையே இல்லை, வழவழவென்று விட்டிருக்கிறார்கள். எது பழையது எது ஒட்டு என்று மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அங்கிருந்து கெகார்ட். மலையைக் குடைந்த தேவாலயம், மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. உள்ளறை ஒன்றில் பாறையிலிருந்தே ஊற்று வருகிறது. எல்லோரும் அதை முகத்தில் தெளித்துக்கொண்டார்கள். நானும்தான். நம்பிக்கையெல்லாம் இல்லை, வெயில்.

ஜூலை 24, வியாழன்

தாத்தேவுக்கு விடியுமுன் கிளம்பினோம். 250 கிலோமீட்டர், முழுக்க மலை வளைவுகள். ஹாலிட்சோரிலிருந்து மடத்துக்கு 2010இல் போட்ட கம்பி ஊர்தி, 5,752 மீட்டர், இடையில் நிற்பதே இல்லை. கீழே வொரோத்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பாதி வழியில் கைபேசி அடித்தது.

நின்றுகொண்டு, முகம் தெரியாத இருபது பேருக்கு நடுவில், "ஆமாம், நான்தான் பேசுகிறேன்" என்றேன். அந்தப் பெண் மிகவும் இனிமையாகப் பேசினாள். அந்த இனிமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் சொல்ல மாட்டார்களாம். நேரில் வர வேண்டுமாம், கூட யாரையாவது அழைத்து வருவது நல்லதாம். புதன்கிழமை, பதினொன்றரை.

அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "யார்?" என்றார். "வங்கி" என்றேன்.

ஒன்பதாம் நூற்றாண்டு மடத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவதைத் தவிர எதுவும் நினைவில்லை.

ஜூலை 25, வெள்ளி

குடியரசுச் சதுக்க அருங்காட்சியகத்தில் ஒரு செருப்பு. அரேனி குகையில் 2008இல் கிடைத்தது, தோல், வலது கால் மட்டும், சுமார் 5,500 ஆண்டுப் பழசு. உள்ளே புல் அடைத்திருந்ததாம். மேலே கெட்டியாகப் படிந்த ஆட்டுப் புழுக்கைதான் அதைக் காப்பாற்றியது. ஐரோப்பிய அளவில் 37. என் அளவு. அரசர், போர், சிலுவைக்கல் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு போய் இதன் முன்னால் மட்டும் நின்றேன். கோத்த தோல் வார் அப்படியே இருக்கிறது.

ஜூலை 26, சனி

செவான் ஏரி. 1,900 மீட்டர் உயரம், ஜூலையிலும் தண்ணீர் சில்லிடுகிறது. 874இல் கட்டிய மடம் ஒரு தீவில் இருந்தது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் சோவியத் காலத்தில் ஏரியை உறிஞ்சினார்கள், மட்டம் 20 மீட்டருக்கு நெருங்கி இறங்கியது, தீவு கரையோடு ஒட்டிவிட்டது. பிறகு பயந்துபோய், அர்ப்பா ஆற்றிலிருந்து மலையைத் துளைத்து 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, 1981இல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மட்டம் ஓரளவு ஏறியிருக்கிறது. தீவு திரும்பவில்லை. "ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை?" என்றான் மகன். அவன் அப்பாவிடம் கேட்கச் சொன்னேன்.

படியேறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படிகள் அப்படியொன்றும் செங்குத்து இல்லை. இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

வர்தவார். ஈஸ்டரிலிருந்து 98ஆம் நாள். யார்மேல் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், யாரும் கோபப்படக்கூடாது. மாடியிலிருந்து வாளி வாளியாக வந்து விழுந்தது. ஒரு பாட்டி சொம்பை முதுகுக்குப் பின் மறைத்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே நெருங்கிவந்து கழுத்தில் ஊற்றினாள். கத்தினேன், சிரித்தேன், மகனின் பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்தினேன். கைபேசி அறையிலேயே கிடந்தது. மாலை வரை அதன் நினைவே இல்லை.

ஜூலை 28, திங்கள்

காலையில் மொட்டைமாடியிலிருந்து அவர் கூவினார், மலை தெரிகிறது என்று. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், ஓடிப்போவதற்குள் மறைந்துவிட்டது என்றார்கள் அப்பாவும் பிள்ளையும்.

ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும். நான்கு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட் வாங்கிக் குவித்திருக்கிறார். யாருக்கு இவ்வளவு என்றால், "வீட்டுக்கு வருகிறவர்களுக்கு" என்கிறார். யார் வருகிறார்கள்? எதற்கு வருகிறார்கள்? யாரிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறார்? கேட்காமல் விமானம் ஏறப்போவதில்லை.