ஆறு மணி வரைக்கும் இருங்க தம்பி

நந்தி மலையில் ஒரு ஜூன் மாதக் காலை. பறவை பார்க்க ஆட்களை அழைத்துப் போகும் கைடு நான். என்னோடு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் வேண்டியது ஒரே பறவைதான்: மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டரில் பார்க்கலாம் என்பதால் வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். இரண்டு மணி நேரம் நின்றும் புதருக்குள்ளிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. காசு கொடுத்து, நாலு மணிக்கு எழுந்து வந்தவர்களின் முகம் வாடுவதைப் பார்த்தேன். பையிலிருந்த ஸ்பீக்கரை எடுத்து அதன் குரலைப் போட்டேன்.

உடனே வந்தது. எதிர்ப் பாறையில் உட்கார்ந்தது, கிளைக்குத் தாவியது, மறுபடியும் பாறைக்கு வந்தது. கேமராக்கள் ஓயவில்லை. நான் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அதன் அலகில் ஒரு பச்சைப் புழு தொங்குவது தெரிந்தது. குஞ்சுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்த இரை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். ஆனால் அது போகவில்லை. பத்து நிமிடத்துக்கும் மேல் அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடியது. புழு கடைசிவரை அலகிலேயே இருந்தது.

நாம் போடும் குரல் அதன் காதில் எப்படி விழும்? 'என் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான்' என்றுதான். தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு அவனை விரட்ட வருகிறது. ஒரு நாள் என்றால் தாங்கிக்கொள்ளும். அதே வளைவில், அதே புதருக்கு முன்னால், சனி ஞாயிறுதோறும் ஒரு குழு போனதும் அடுத்த குழு வந்து போட்டால் என்ன ஆகும்? அழிவு அபாயம் உள்ள பறவைகளின் பட்டியலில் இருப்பது அது. அதை நேசிப்பதாகச் சொல்கிற நாங்களே அதன் காலை நேரத்தைத் தின்றுகொண்டிருந்தோம்.

அன்றோடு ஸ்பீக்கரை விட்டேன். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. "பறவையைக் காட்டாத கைடு எதுக்கு?" என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கைடுக்கு மிஞ்சுவது காதும் பொறுமையும்தான். எனக்குக் காது திறந்தது பெங்களூர் லால்பாக் தோட்டத்தில். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் கண்ணாடி மாளிகை முன்னால் பறவை பார்ப்பவர்கள் கூடுவது இந்த ஊரின் பழைய வழக்கம். அல்சூரிலிருந்து சைக்கிளில் போவேன். அங்கே ஒரு பெரியவர் என் பைனாகுலரை வாங்கி வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிக் கேளு" என்பார். செம்மார்புக் குக்குறுவான் டுங் டுங் என்று பாத்திரம் தட்டுகிற மாதிரி கூவும். அது எளிது. கரிச்சான்தான் படுத்தும். வல்லூறு மாதிரியே குரல் கொடுத்து மற்ற பறவைகளை ஏமாற்றும், நம்மையும் சேர்த்து.

இப்போது எல்லோர் போனிலும் மெர்லின் செயலி இருக்கிறது. குரலைக் கேட்டு என்ன பறவை என்று சொல்லிவிடுகிறது. நானும் அதை வைத்திருக்கிறேன், நல்ல கருவி. ஆனால் அந்தப் பறவை ஏன் கத்துகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து சின்னான்கள் ஒரே மரத்தைச் சுற்றி நிறுத்தாமல் கத்தினால், கூட வருபவர்களை நிற்கச் சொல்வேன். பொந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், பாதி முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு புள்ளி ஆந்தை எங்களை முறைத்துக்கொண்டிருக்கும். அந்த ஆந்தையைச் சின்னான்கள்தான் காட்டிக்கொடுத்தன, நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. இந்த மாதிரி ஒரு காலை வாய்த்தால் ஒரு வாரத்துக்கு எனக்கு அலுப்பே தெரியாது.

பொறுமையைக் கற்றுக்கொடுத்தது ஒரு அம்மா. வைட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கிறார், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் மகன் அவரை லால்பாக்குக்கு அழைத்து வந்தார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, ஆறுமணிக்குருவி இங்க வருமா?"

நான் அதை பிட்டா என்றே சொல்லிப் பழகியவன். தெலுங்கில் அந்தச் சொல்லுக்குக் குருவி என்றுதான் அர்த்தம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும்போது தெற்கே இறங்கும். இரவில் பறக்கும். அக்டோபர் வந்தால், பறந்த களைப்பில் யார் வீட்டு பால்கனியிலாவது விழுந்து கிடக்கிறது என்று எனக்கு போன் வரும். அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சாயங்காலம் மரம் உள்ள இடத்தில் விடுங்கள் என்று சொல்வேன்.

மூங்கில் புதர் பக்கம் சருகு நிறைய இருந்தது. அங்கே போய் நின்றோம். ஐந்தேகாலிலிருந்து ஐந்தரை வரை ஒன்றும் இல்லை. மகன் போனை எடுத்து, "குரலைப் போட்டுப் பாக்கலாமா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"அதுக்குப் பேரே ஆறுமணிக்குருவி. இன்னும் நேரம் ஆகலியே. ஆறு மணி வரைக்கும் இருங்க தம்பி."

கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அம்மாவுடைய அப்பா இந்தக் குரலைக் கேட்டுத்தான் மண்வெட்டியைத் தோளில் போடுவாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மங்கியது. நடைக்கு வந்தவர்கள் கேட்டைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

மூங்கிலுக்குப் பின்னால் சருகு ஒன்று புரண்டது. அப்புறம் இரட்டை விசில், தெளிவாக. அம்மா மகனின் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது.