பொன்னுக்கு வீங்கியா, வெறும் நெறி கட்டியிருக்கா? எப்படி பாக்குறது

குழந்தைக்கு கன்னத்துப் பக்கம் வீங்கிடுச்சுன்னா பல்லு வலியா, நெறி கட்டியிருக்கா, இல்ல பொன்னுக்கு வீங்கியான்னு குழப்பமாயிடும். எங்க அக்கா பையனுக்கு வந்தப்ப டாக்டர் சொல்லிக்குடுத்தத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன்.

வீக்கம் எந்த இடத்துலன்னு பாருங்க. நெறி கட்டினா பெரும்பாலும் தாடைக்கு கீழ கழுத்துல உருண்டையா கைக்குத் தட்டுப்படும், தாடை எலும்போட மூலைய தடவினா நல்லா தெரியும். பொன்னுக்கு வீங்கில வீங்குறது காதுக்கு முன்னாடியும் கீழயும் இருக்குற எச்சில் சுரப்பி, அதனால அந்த மூலையே மறைஞ்சு போயிடும், காது சோணைய மேல தூக்கி வெளிய தள்ளிவிட்ட மாதிரி நிக்கும். ஒரு பக்கம் வந்து சில நாள் கழிச்சு அடுத்த பக்கமும் வீங்கலாம், ஒரு பக்கத்தோட நின்னும் போகலாம், ஏன் வீக்கமே இல்லாமகூட சிலருக்கு வந்துட்டு போகும்.

வீக்கத்துக்கு முன்னாடியே காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, பசியின்மை எல்லாம் ஆரம்பிச்சிடும். மெல்லும்போது வலிக்கும், புளிப்பு பட்டா எச்சில் ஊறும்ல, அப்ப இன்னும் ஜாஸ்தி வலிக்கும்.

தொத்தினா வெளிய தெரிய 12லேர்ந்து 25 நாள் ஆகும், அதனால யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு தேடுறது வீண். வீக்கம் தெரியுறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடுது, வீங்கினப்புறம் 5 நாள் ஸ்கூலுக்கு அனுப்பவே கூடாது. இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேக்காது, டாக்டர் சொல்ற அளவுல பாராசிட்டமால், நிறைய தண்ணி, மெல்லத் தேவையில்லாத சாப்பாடு போதும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைங்களுக்கு வேணவே வேணாம். எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடுற தடுப்பூசி) ரெண்டு டோஸ் போட்டிருந்தாலும் அபூர்வமா வரலாம், ஆனா பெரும்பாலும் லேசா போயிடும்.

எனக்கு பயம் வீக்கத்தப் பத்தி இல்ல, அதுக்கப்புறம் வர்றதப் பத்திதான். வயசுக்கு வந்த பசங்களுக்கு விரை வீங்கி வலிக்கலாம், வெக்கப்பட்டு வீட்ல சொல்லவே மாட்டாங்க, நீங்களே கேட்டுடுங்க. கழுத்து விறைப்பு, விடாத தலைவலி, வாந்தி, கடுமையான வயித்து வலி, வலிப்பு, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அபூர்வமா காது கேக்காம போறதும் உண்டு, அது பெரும்பாலும் ஒரு காதுல மட்டுங்கறதால குழந்தைக்கே தெரியாது, அதனால ஒரு காத மூடிட்டு இன்னொரு காதுல மெதுவா பேசிப் பாருங்க, ரெண்டு பக்கமும். சந்தேகமா இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.