நைட்ரைட் இறங்கக் காத்திருந்த நாட்கள்

ஒரே தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆர்ஏஎஸ் முறையில் மீன் வளர்க்க இறங்கியபோது, என் கவனமெல்லாம் தொட்டி, மோட்டார், குழாய் மேலேயே இருந்தது. இரண்டு வட்டத் தொட்டிகள், மொத்தம் 20,000 லிட்டர் தண்ணீர், திடக்கழிவைப் பிரிக்க டிரம் ஃபில்டர், பிளாஸ்டிக் வில்லைகள் நிரப்பிய பயோஃபில்டர். மோட்டார் ஓடியது, எங்கும் கசிவில்லை. இரண்டே நாளில் திலேப்பியா குஞ்சுகளை விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பயோஃபில்டரில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நடுவில் நிற்கும் நைட்ரைட் விஷம். முதல் வகை வேலையைத் தொடங்கினால்தான் இரண்டாவதுக்கு இரையே கிடைக்கும் என்பதால் அது பின்தங்கித்தான் வரும். இப்படி ஒரு ஃபில்டர் முழுதாகப் பழக 4 முதல் 8 வாரம் ஆகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக. படித்து வைத்திருந்தேன். ஆனால் பொறுமை இல்லை.

இரண்டாவது வாரம் அம்மோனியா ஏறி, பிறகு இறங்கியது. பிழைத்தோம் என்று நினைத்தேன். பதினெட்டாம் நாள் காலை, மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. அப்புறம் ஏன் மூச்சுத் திணறுகிறது? ஒரு மீனை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், காய்ந்த இரத்தம் மாதிரி பழுப்பாக இருந்தது. நைட்ரைட் இரத்தத்துக்குள் புகுந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் உடம்புக்குப் போய்ச் சேராது.

கைகொடுத்தது சாதாரண உப்பு. உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வழியாகத்தான் உள்ளே நுழையும். குளோரைடு அதிகம் இருந்தால் நைட்ரைட் நுழைவது குறையும். நைட்ரைட்-நைட்ரஜனைப் போல, அதாவது நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜன் அளவைப் போல, 20 மடங்கு குளோரைடு என்பது கணக்கு. எனக்கு நைட்ரைட்-நைட்ரஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம். அதாவது 1,000 லிட்டருக்கு சுமார் 200 கிராம் உப்பு, மொத்தம் 4 கிலோ. (சில டெஸ்ட் கிட் நைட்ரைட்டையே காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். இரண்டுக்கும் 3 மடங்குக்கு மேல் வித்தியாசம். கிட்டோடு வரும் தாளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.) உப்பைக் கரைத்து ஊற்றினேன், தீவனத்தை அடியோடு நிறுத்தினேன், கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். அன்று செத்தவற்றைக் கையால் பொறுக்கி எடுத்தது இன்னும் மனதில் நிற்கிறது. மிச்சம் தேறின. நைட்ரைட் தானாக இறங்க மேலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

அடுத்த அடி, எல்லாம் சரியாகிவிட்டது என்று தீவனத்தை நாளுக்கு 2 கிலோவாக ஏற்றியபோது விழுந்தது. 1 கிராம் அம்மோனியா-நைட்ரஜனை மாற்ற அந்தப் பாக்டீரியா 7 கிராமுக்கு மேல் காரத்தன்மையை, அதாவது தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) விழாமல் தாங்கும் இருப்பை, தின்றுவிடும். 35 சதவீதம் புரதமுள்ள தீவனம் 1 கிலோ போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா-நைட்ரஜன் வரும். 2 கிலோ போடும் என் தொட்டியில் அது ஒரு நாளைக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் காரத்தன்மை காலி என்ற கணக்கு. ஒரே வாரத்தில் பிஎச் 6.2. பாக்டீரியா சோர்ந்துவிட, அம்மோனியா மறுபடி ஏறியது.

இந்த இடத்தில் பதறி, காரத்தன்மையை மீட்கச் சமையல் சோடாவை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். பிஎச் குறைவாக இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில்தான் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் விஷ வடிவம் 1 சதவீதம்கூட இல்லை. பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். அவசரமாகப் பிஎச்சை ஏற்றினால் இருக்கிற அம்மோனியாவையே நஞ்சாக்கிக் கொடுத்த மாதிரி. நான் மூன்று நாளாகப் பிரித்துப் போட்டேன். இப்போது கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ சோடா என்று தினமும் போட்டு, காரத்தன்மையை அளந்து கூட்டிக் குறைக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றுதான்: மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் காற்று நின்றால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன், கூடவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது.

இரண்டாவது தொகுதிக்கு முன், தொட்டியில் மீன் விடாமல் அம்மோனியம் குளோரைடு போட்டு ஃபில்டருக்கு மட்டும் இரை கொடுத்து வருகிறேன். வெள்ளையாக வந்த புது வில்லைகளின் உட்பக்கம் இப்போது பழுப்புப் படலம் படிந்து வழவழப்பாக இருக்கிறது. நேற்று மாலை போட்ட அம்மோனியா இன்று மாலைக்குள் காணாமல் போனது, நைட்ரைட்டும் தங்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி நின்றால்தான் குஞ்சுகளை விடுவேன்.