மார்செயில் பிதியாஸின் நிழல்

பிரான்சின் மார்செய் நகரில், பழைய துறைமுகத்தை ஒட்டிய கனெபியேர் சாலையில், பங்குச்சந்தைக் கட்டடத்தின் முகப்பில் இரண்டு கிரேக்க மாலுமிகளின் சிலைகள் உண்டு. ஒருவர் ஆப்பிரிக்கக் கரையோரம் போன யூதிமெனிஸ். மற்றவர் பிதியாஸ். கி.மு. 325 வாக்கில் இவ்வூரிலிருந்து பிரிட்டனுக்குப் போனவர். அதற்கும் வடக்கே ஆறு நாள் கடல்வழியில் தூலே என்ற நிலம் இருப்பதாக எழுதியவர். அந்த நூல் தொலைந்துவிட்டது. அவரைப் பொய்யர் என்று ஏசிய பண்டைப் புவியியலாளர் ஸ்ட்ராபோவின் பக்கங்களிலிருந்துதான் அவரைப் பற்றி நிறையத் தெரிகிறது!

ஊரின் அட்சரேகையை அறிய, ஆண்டின் மிக நீண்ட பகலில் உச்சிவேளை நிழலை மார்செயில் பிதியாஸ் அளந்தார். அந்த அளவை இன்றும் அங்கேயே எடுத்துப் பார்க்கலாம். ஜூன் 21-ஐ ஒட்டிப் போங்கள். 120 சென்டிமீட்டர் குச்சியைத் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக, சமதளத்தில் நிறுத்துங்கள். கடிகாரத்தில் 12 மணிக்கு அளந்தால் தப்பு. கோடை நேரக் கணக்கில் அங்கே உச்சிப்பொழுது ஏறக்குறைய 1.40-க்கு. 1.20 முதல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்துவந்து, மிகக் குட்டையானதை எடுங்கள்.

பிதியாஸுக்குக் கிடைத்தது 120 அளவுக் குச்சிக்கு 41.8 அளவு நிழல். உங்களுக்கு 43 வரும். பூமி அச்சின் சாய்வு அன்று சுமார் 23.7 பாகை, இன்று 23.4, வித்தியாசம் பெரும்பாலும் அதனால்தான். அவர் அளவிலிருந்து அட்சரேகை 42.9 பாகை என்று வரும், உண்மையில் 43.3. சூரியன் புள்ளியல்ல, வட்டு. கரிய நிழலின் நுனியைத் தீர்மானிப்பது வட்டின் மேல்விளிம்பு, அதனால் அட்சரேகையில் கால் பாகை குறைகிறது. அதைக் கூட்டினால் பிழை பத்துக் கிலோமீட்டர்தான். நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மங்கலாக விழும் குச்சியில் இது அபாரம். பின்னால் வந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதே விகிதத்தைப் பைசாந்தியத்துக்கும் (இன்றைய இஸ்தான்புல்) பொருத்தி, இரண்டு பாகை தெற்கே உள்ள ஊரை மார்செய்க்கு நேராக வைத்துவிட்டார். அந்தத் தப்பு பிதியாஸுடையதல்ல.

பங்குச்சந்தைக்குப் பின்னால் உள்ள நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அங்கே 1993-இல் தோண்டியெடுத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்கப் படகுகள் இருக்கின்றன. சிறியதில் பலகைகளை ஆளிநார் நூலால் தைத்திருக்கிறார்கள். தையல் துளைகளில் மர ஆப்பு அடித்திருக்கிறார்கள். பிதியாஸ் எந்தக் கப்பலில் போனார் என்பதற்குத் தடயமில்லை. இவை அவருக்கு இரு நூற்றாண்டு முந்தியவை.