காய்ச்சல் விட்ட இரவு

2023 டிசம்பரில் அம்மம்மாவின் வீட்டை விற்பதற்காகத்தான் யாழ்ப்பாணம் போனேன். மானிப்பாயில் ஒரு பழைய கல்வீடு, பின்னால் கிணறு, நாலு தென்னை, ஒரு பலா. பல வருடங்களாக ஆளில்லை. கையெழுத்து வைத்துவிட்டு மூன்று கிழமையில் ரொறன்ரோ திரும்புவதாக ஏற்பாடு. கடவுச்சீட்டின்படி நான் வெளிநாட்டுப் பயணி, பயணக் காப்புறுதியும் எடுத்திருந்தேன். நான் பிறந்த ஊர் அந்தப் பத்திரத்தில் வெளிநாடு.

மாரி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கூரைப் பீலி அடைத்து, வளவெல்லாம் சிரட்டையும் உடைந்த பானையுமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி இருக்கட்டும் என்று மூன்று நாள் நானே நின்று துப்புரவாக்கினேன். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும் என்பது அப்போது நினைவில் இல்லை. ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் பிடித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்து, முதுகும் முழங்காலும் முறிந்துபோகிற வலி.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது மாரி காலத்தில் ஊருக்குப் போவதாக இருந்தால் இந்த இடத்தை மட்டுமாவது கவனியுங்கள். நான் கனடாவிலிருந்து கொண்டுபோன ஐபுப்ரோஃபென் குளிசையை இரண்டு நாள் போட்டேன். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் அதுவும் அஸ்பிரினும் தொடவே கூடாது, இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பரசிட்டமோல் மட்டும்தான். காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். என் மச்சான் என்னை இழுத்துக்கொண்டு போயிராவிட்டால் நான் அதையும் செய்திருக்க மாட்டேன். டெங்கு உறுதியானது. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 1,18,000. அடுத்த நாள் 64,000. அன்றைக்கே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வார்டில் சேர்த்தார்கள்.

காப்புறுதிக்காரரோடு பேசியதை நீட்டி எழுத விருப்பமில்லை. அனுமதிக்கப்படும் முன்பே ஏன் அழைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நீங்கள் போவதாக இருந்தால் அவர்களுடைய இலக்கத்தை உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள், வெளியேறும்போது தருகிற, நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். அது போதும்.

வார்டில் கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை. உள்ளே இருந்து பார்த்தால் எல்லோரும் புகைக்குள் நடமாடுவது போலத் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. நான் குடிக்கிற ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல், கஞ்சி, இளநீர் எல்லாம் மில்லிலீற்றர் கணக்கில் அதில் ஏறும். போகிற சிறுநீரும் அளந்து எழுதப்படும். டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. இந்தக் கணக்கும் கண்காணிப்பும்தான் வைத்தியம்.

ஐந்தாம் நாள் மாலை காய்ச்சல் விட்டது. வேர்த்துக் கொட்டி உடம்பு குளிர்ந்ததும் எனக்குச் சந்தோசம், வீட்டுக்கு விடுவார்களா என்று கேட்டேன். தாதி சிரிக்கவில்லை.

"தம்பி, காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. இனித்தான் கவனமா இருக்கோணும்."

காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குமாம். 24 முதல் 48 மணித்தியாலம் வரை அது நீடிக்கும். இரத்தம் தடித்து, அழுத்தம் விழுந்தால் ஆள் போய்விடலாம். அன்றிரவு என் இரத்த அழுத்தம் மேலே 100, கீழே 82 என்று வந்தது. இரண்டுக்கும் இடையில் 20 கூட இல்லை என்பது ஆபத்தின் அடையாளம். வைத்தியர் ஓடி வந்தார், சேலைனைக் கூட்டினார்கள். கை கால் ஜில்லிட்டு, எனக்கு மச்சானின் முகமே தெளிவாகத் தெரியவில்லை. சிறுதட்டு 19,000க்கு வந்திருந்தது.

அந்த இரவில் நான் செபம் செய்யவில்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. ஆனால் 1995 யூலை 9ஆம் திகதிக்குப் பிறகு எனக்கும் கடவுளுக்கும் பேச்சில்லை. யுத்த காலம். அன்று பக்கத்து ஊரான நவாலியில், பாதுகாப்பு என்று நம்பிச் சனம் தஞ்சம் புகுந்திருந்த புனித பேதுரு தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அவருடைய வீட்டுக்குள் ஓடியவர்களையே காக்காதவர் யாரைக் காப்பார் என்று அன்று நினைத்தேன். அந்த ஒக்டோபரில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து எல்லோரோடும் நாவற்குழிப் பாலம் கடந்து நடந்தபோதும் அதே நினைப்புத்தான். கனடாவில் இருபத்தைந்து வருடம், கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் கோயிலுக்குள் போனேன்.

அன்றிரவு அரைமணிக்கு ஒருதரம் அந்தத் தாதி டோர்ச் லைற்றோடு வந்தார். வலையைத் தூக்கி, கையைப் பிடித்து நாடி பார்த்து, தாளில் எழுதிவிட்டு, வலையை மெத்தைக்குக் கீழே நன்றாகச் சொருகிவிட்டுப் போவார். பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை. அவர் கதிரையில் சாய்ந்ததை நான் காணவில்லை. மூன்று மணியளவில் அவர் வலையைச் சொருகும்போது எனக்குள் அம்மம்மாவின் குரல் கேட்டது. சின்ன வயதில் அரிக்கன் லாம்பைத் தணித்துவிட்டு, நுளம்பு வலையைச் சொருகிக்கொண்டே அவர் சொல்லித் தந்த 121ஆம் சங்கீதம்: "உன்னைக் காக்கிறவர் உறங்கார்."

உடனே கோபம் வந்தது. நவாலியில் உறங்கிவிட்டாரே என்றுதான் மனதில் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆனால் மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. குண்டு விழுந்த அன்றிரவு அம்மம்மா வீட்டில் இல்லை. பெட்டியில் இருந்த பருத்திச் சேலைகளை அள்ளிக்கொண்டு போனவர், விடிந்த பிறகுதான் வந்தார். கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். காயப்பட்டவர்களின் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறார். அந்த நாளில் இடிந்த கோயிலை மட்டும் நான் இருபத்தெட்டு வருடம் வைத்திருந்தேன். கிணற்றடியில் நின்ற அம்மம்மாவை எங்கோ தொலைத்துவிட்டிருந்தேன்.

செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் நவாலியின் அந்த இரவில் கடவுள் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மம்மாவின் கையில் இருந்தார். என் நாடியைப் பிடித்த கையிலும். "அப்பா, நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். விடியும்வரை அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

ஏழாம் நாள் பசித்தது. உடம்பெல்லாம் சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுகளோடு கடி எடுத்தது. அது தேறுகிறதற்கு அடையாளம் என்றார்கள். பக்கத்துக் கட்டில் ஐயாவின் மனைவி தன் வீட்டுக் கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வார்த்தார், கூடவே நல்லூர் முருகனுக்கு என் பேரிலும் நேர்ந்திருப்பதாகச் சொன்னார். அந்த அன்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பயணத்தைத் தள்ளி வைத்து இன்னும் பதினைந்து நாள் மானிப்பாயில் நின்றேன். காலையில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைப் பக்கம் நடப்பேன். சிறுவயதில் அது எனக்கு ஒரு மதில், ஒரு கேற், அவ்வளவுதான். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் இங்கே மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் தமிழில் மொழிபெயர்க்க வைத்தார், தானும் மொழிபெயர்த்தார். நோயாளிக்கு அவனுடைய பாஷையில் சொன்னால்தான் விளங்கும் என்று அவர் நினைத்திருப்பார் போலும். அந்த வார்டில் படுத்திருந்தபோது, "இனித்தான் கவனமா இருக்கோணும்" என்று தமிழில் ஒருவர் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்தது என்று அந்த மதிலோரம் நடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

போகும் முன் ஞாயிறு ஆராதனைக்குப் போய், பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதல் தடவையாக நற்கருணை எடுத்தேன். போதகர் எதுவும் விசாரிக்கவில்லை. அப்பத்தை உள்ளங்கையில் வைக்கும்போது கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். வீட்டையும் விற்கவில்லை. மச்சானின் மகள் குடும்பம் இருக்கிறது, பீலி இப்போது சுத்தமாக இருக்கிறதாம்.

இப்போது சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆங்கிலம் தெரியாத எங்கள் முதியவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். வைத்தியர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை வைத்தியருக்கும். சொற்கள் தடுமாறினால் இரவில் உட்கார்ந்து தேடிப் படிக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார்.

"மானிப்பாய், அம்மா."

"கிறீன் ஆஸ்பத்திரியடியோ? என்ரை மூத்தவன் அங்கைதான் பிறந்தவன்," என்றார். கதவு திறக்கும் வரை கையை விடவில்லை.